ஒண்ணா ரெண்டா சார்

வலது கை ஆள்காட்டி விரலைக் காது மட்டத்துக்கு உயர்த்தி, கண்ணை மூடி, தலையைச் சற்றே சாய்த்து அவர் காத்திருக்கிறார். கூடத்தின் நடுவே ஒற்றை நாற்காலி. எதிரே இடுப்புயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள், பேச்சுவார்த்தை முறிந்த பங்காளிகளைப் போல முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு நிற்கின்றன. ஓடுவது ஏதோ ஒரு மேடையில் என்றோ பதிவான கச்சேரி. ஒரு பெண் மூச்சை இழுக்கிறாள். அடுத்த நொடி பாடப்போகிறாள். அதற்குள் கேட்க வந்த கூட்டத்தில் யாரோ ஒருவர் இருமிவிடுகிறார். விரல் பொட்டென்று கீழே இறங்குகிறது.

"கேட்டியா?"

சமையலறை வாசலில் கரண்டியோடு நிற்கும் மனைவி, "கேட்டுச்சு" என்கிறாள்.

"எந்தப் பக்கம்?"

"நடுவுல."

"நடுவுலன்னா மூணாவது வரிசையா, நாலாவதா?"

பாட்டு நிறுத்தப்படுகிறது. மறுபடி முதலிலிருந்து மூச்சு, இருமல், விரல். அந்தப் பெண் அதற்கப்புறம் என்ன பாடினாள் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. "பாட்டு எங்க ஓடிடப்போவுது? முதல்ல இருமல் ஒழுங்கா வரட்டும்" என்பது அவர் கட்சி.

மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். நுரையீரல் வார்டில் வேலை. ஆரம்பத்தில் ஒருநாள் அந்த இருமலைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "இது வறட்டு இருமல்தான். ஆனா விட்டு வெக்கக் கூடாது. இவர ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்க" என்றாள். அவர் கோபப்படவில்லை. சந்தோஷப்பட்டார். "பாத்தியா, வறட்டுன்னு தெரியுதுல்ல? பழைய ஸ்பீக்கர் வயர்ல அது தெரிஞ்சிருக்காது."

கடைத்தெருவில் அவருக்கு 'ஒண்ணா ரெண்டா சார்' என்று பெயர். மூக்குக்கண்ணாடிக் கடையில் பின்பக்கத்து இருட்டறையில் கண் பார்ப்பவர் அவர்தான். வருகிறவர் மூக்கில் ஒரு கனத்த சட்டத்தை மாட்டி, அதில் ஒரு வில்லையைச் செருகி, "இது ஒண்ணு" என்பார். அதை எடுத்துவிட்டு இன்னொன்றைச் செருகி, "இது ரெண்டு" என்பார். பிறகு கோயில் மணி மாதிரி ஒரே சுருதியில், "ஒண்ணா, ரெண்டா?" நாளெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி அந்தக் கேள்வி நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. காய்கறிக் கடையில் இரண்டு கத்தரிக்காயைத் தூக்கிக் காட்டுவார். சட்டை எடுக்கப் போனால் கடைக்காரர்தான் பதில் சொல்லிக் களைத்துப்போவார். வீட்டில் குழம்பைக்கூட உப்புக் குறைத்து ஒரு வாய், சேர்த்து ஒரு வாய் கேட்டு வாங்கித்தான் சாப்பிடுவார்.

கடையில் அவர் செய்யும் ஒரு காரியத்தைச் சாப்பாட்டு நேரத்தில் மனைவியிடம் ரசித்துச் சொல்லுவார். "சில பேரு இருக்காங்க. கண்ணுல ஒண்ணும் இருக்காது. புதுக் கண்ணாடி போடணும்னு வீட்லயே முடிவு பண்ணிட்டு வந்துடுவாங்க. அவங்களுக்கு ஒரு வேலை பண்ணுவேன். வில்லைய வெளிய எடுப்பேன். பெட்டிய உருட்டிக் கிணுகிணுன்னு கொஞ்சம் சத்தம் குடுப்பேன். அதே வில்லைய மறுபடி போட்டு, 'இது ரெண்டு'ம்பேன். 'ஆங், ரெண்டுதான் சார், பளிச்சுனு இருக்கு'ம்பாங்க."

"நீங்க சிரிச்சிடுவீங்களா?"

"எதுக்குச் சிரிக்கறது? அவங்க பொய் சொல்லலியே. ஆசைப்பட்டுட்டாங்க, அதான் தெரியுது."

அப்படிப்பட்டவர்களை அவர் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. அவர்கள் போட்டு வந்த பழைய கண்ணாடியையே வாங்கி, ஈரத்துணியில் ஒருமுறை, உலர்ந்த துணியில் ஒருமுறை துடைத்து, தளர்ந்த திருகை முடுக்கி, இரண்டு கையாலும் நீட்டி, "உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்பார். தெருவில் இறங்கியதும் அவர்கள், இப்போதுதான் உலகமே கண்ணுக்குத் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டே போவார்களாம்.

இப்படி ஊரார் ஆசையை எல்லாம் ஒரு துணித்துண்டால் துடைத்து அனுப்புகிற மனிதர், கேபிள் டாக்டரிடம் போய் மாட்டினார்.

கேபிள் டாக்டர் உண்மையில் ஆம்ப்ளிஃபயரும் வயரும் விற்கிறவர். ஆனால் விற்பதாகச் சொல்லமாட்டார். பார்த்து அனுப்புவதாகத்தான் சொல்லுவார். மாடியில் அவர் கடை. செருப்பைக் கீழேயே விடவேண்டும். உள்ளே பேச்சு மெதுவாகத்தான் நடக்கும். "ஆம்ப்ளிஃபயர்தான் சார் இதயம். வயர் ரத்தக்குழாய். உங்களுக்கு இதயம் நல்லாருக்கு, குழாய்ல அடைப்பு" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அன்று ஒரு தடித்த வயரோடு வந்தார் நம்மவர். சில மாதம் கழித்துப் போனபோது, குழாய் திறந்துவிட்டதாகவும், இனி இதயம் தாங்காது என்றும் சொல்லப்பட்டது. ஆம்ப்ளிஃபயர் மாறியது. அது மாறியதும் அந்த வயர் போதவில்லை. இப்போது ஓடுவது கிணற்று மோட்டார் வடம் கனத்துக்கு இருக்கும். அதன் மேல் வழிநெடுக அம்புக்குறி போட்டிருக்கிறது.

"அம்பு எதுக்குங்க?" என்றாள் மனைவி.

"கரண்டு இந்தப் பக்கமாத்தான் போவணும். திருப்பி மாட்டுனா, பாடறவங்களுக்கு ஜலதோஷம் புடிச்ச மாதிரி ஆயிடும்."

"திருப்பித்தான் மாட்டிப் பாருங்களேன். அந்த ஆளோட இருமலாவது நிக்குதான்னு பாப்போம்."

வயர் தரையில் படக்கூடாது என்பது டாக்டரின் அடுத்த உத்தரவு. தரை எதையோ இழுத்துவிடுமாம். அதற்கென்றே சின்னச்சின்னத் தாங்கிகள் அவர் கடையில் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நம்மவர் சொந்த மூளையைப் பயன்படுத்தினார். கடையில் கிடந்த மூக்குக்கண்ணாடிக் கூடுகளைக் கொண்டுவந்து கூடம் முழுக்க வரிசையாக வைத்து அதன்மேல் வயரைப் படுக்கவைத்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் நடப்பது, நாற்று நட்ட வயலில் நடப்பது மாதிரி. காலைத் தூக்கித் தூக்கி வைக்கவேண்டும். ஒரு கூடு நகர்ந்தாலும் போதும், நாற்காலியில் கண்மூடியிருப்பவர், "யாரு அது?" என்பார். யார் அது என்று கேட்பதற்கு அந்த வீட்டில் வேறு யாரும் கிடையாது.

புது வயர் ஓடி ஓடித்தான் பழகவேண்டும் என்றார் டாக்டர். அதனால் இருவரும் வேலைக்குப் போகும்போது, தனக்குப் பிடித்த அந்த இடத்தையே திரும்பத்திரும்ப ஓடும்படி வைத்துவிட்டுக் கதவைப் பூட்டினார். மூச்சு, இருமல், மூச்சு, இருமல், பொழுது சாயும்வரை. நாலாம் நாள் மாலை கீழ்வீட்டு அம்மா ஒரு பாட்டில் தேனோடு படியேறி வந்தாள்.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரருக்கா? பகல் பூரா இருமறாரு, கேக்கவே சங்கடமா இருக்கு. நீயே நர்சு, பாத்துக்கக் கூடாதா?"

நர்ஸ் தேனை வாங்கி வைத்துக்கொண்டாள். என்னவென்று விளக்குவாள்? வயர் பழகிக்கொண்டிருக்கிறது என்றா?

கூடத்து மூலையில் ஃபிரிட்ஜ் இருக்கிறது. அதன் பிளக்கில்தான் சுத்தமான கரண்டு வருகிறது என்பது அவர் கண்டுபிடிப்பு. ஆகவே அவர் கேட்கும் நேரத்தில் ஃபிரிட்ஜ் பட்டினி. அதன் மோட்டார் ஓடினாலே இருமலுக்கு மேல் ஒரு மெல்லிய படலம் விழுகிறது என்பார். பால் திரிந்துபோனால், "பால் நாளைக்கும் கிடைக்கும்" என்பார்.

வீட்டுக்கு வருகிறவர்களும் இந்தச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள்தாம். மனிதர்கள் ஒலியைக் குடிப்பார்கள் என்று அவருக்கு ஓர் எண்ணம். மனைவியின் தம்பி நல்ல வாட்டசாட்டமான ஆள், சரக்கு வேன் ஓட்டுகிறவன். ஒருமுறை வந்தவனை, "மாப்ள, அந்த மூலையில போய் உக்காரு... ஆங், அங்கதான். அடடா, பேஸ், அந்தக் கும்முங்கற சத்தம், என்னமாக் கட்டுப்படுது பாரு" என்று தரையில் உட்காரவைத்துவிட்டார். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் மாப்பிள்ளைக்கு அழைப்பு வந்தது. அக்கா வீட்டில் தனக்கு இத்தனை மதிப்பா என்று மகிழ்ந்து வந்து போனவனுக்கு விஷயம் புரிய நாளாயிற்று. "மாமா, நான் மனுசனா, மூட்டையா?"

"மூட்டை இந்த வேலை செய்யாது மாப்ள. நீ தனி."

இவை எல்லாவற்றையும் நர்ஸ் பொறுத்துக்கொண்டாள். பொறுக்கமுடியாதது சோபா.

அவர்கள் கல்யாணம் ஆன புதிதில் சேர்ந்து போய் வாங்கியது அது. இரண்டுபேர் உட்காரும் சோபா, அரக்கு நிறம், மரக் கைப்பிடி. அதுவும் ஒலியைக் குடிக்கிறது என்று சொல்லி, படுக்கையறையில் கொண்டுபோய்ச் செங்குத்தாக நிறுத்திவிட்டார். உடம்புக்கு முடியாத விருந்தாளி போல அது சுவரில் சாய்ந்து நிற்கிறது. வார்டில் பகல் முழுக்க நின்றுவிட்டு வருகிறவள் அவள். கட்டிலுக்குக் கட்டில் நடந்து, ஊசி போட்டு, பாத்திரம் பிடித்து, கால் ரெண்டும் வீங்கி வீட்டுக்கு வந்தால் உட்கார இடமில்லை. கூடத்து நாற்காலியின் நான்கு கால்களும் தரையில் ஒட்டிய டேப் கட்டங்களுக்குள் நிற்கின்றன. அவர் இல்லாத நேரத்தில் அதில் உட்கார்ந்தால், வந்ததும், "நாற்காலி விரல்கடை நகந்திருக்கே" என்பார். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எதிரே நிற்கும் சோபாவைப் பார்ப்பாள். உட்காரவேண்டியவள் உட்கார்ந்திருக்க, உட்காரவைக்கவேண்டியது நின்றுகொண்டிருக்கும்.

இந்த நிலையில்தான் டாக்டர் ஒரு புது ஆம்ப்ளிஃபயரைப் பார்க்கச் சொல்லி வீட்டுக்கே அனுப்பிவைத்தார். கொஞ்சநாள் வைத்துக் கேட்டுவிட்டு முடிவு சொல்லலாம். இரண்டுபேர் மூச்சு வாங்கித் தூக்கி வந்து வைத்த கனம். அதோடு ஒரு குறிப்பும் வந்தது: பக்கத்து அறையில் பஞ்சு வைத்த பெரிய சாமான் எதுவும் இருக்கக்கூடாது, கதவு வழியாக பேஸ் அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும். அவர் அன்றே மச்சானுக்குப் போன் போட்டார். "சோபா கேட்டியே மாப்ள, ஞாயித்துக்கிழமை வேனோட வந்துடு."

அவள் காய் நறுக்குவதை நிறுத்தினாள்.

"சோபா போயிட்டா நான் எங்க உக்காருவேன்?"

"நாற்காலிதான் இருக்கே."

"அது உங்க நாற்காலி. நாம ரெண்டு பேரும் சேந்து உக்காந்து எத்தனை நாள் ஆச்சு தெரியுமா உங்களுக்கு?"

அவர் இதை யோசித்துப் பார்த்தார். நிஜமாகவே யோசித்தார். பிறகு, வருத்தமான ஓர் உண்மையைச் சொல்லவேண்டியிருக்கிறதே என்ற குரலில், "ரெண்டு பேரு உக்காந்தா ரெண்டு பேருக்குமே நடு கிடைக்காதும்மா" என்றார்.

அவள் கத்தியைக் கழுவி வைத்தாள்.

"சரி. ஒண்ணு பண்ணலாம். உங்க கண்ணைக் கட்டிடறேன். பழைய ஆம்ப்ளிஃபயர் ஒண்ணு, புதுசு ரெண்டு. நான் மாத்தி மாத்திப் போடறேன். எது எதுன்னு சரியாச் சொல்லிட்டா, தம்பி சோபாவத் தூக்கிட்டுப் போவட்டும். நானே கீழ வரைக்கும் ஒரு கை புடிக்கறேன். சொல்லலைன்னா சோபா ஹாலுக்கு வரணும். புதுசு டாக்டர் கடைக்குத் திரும்பிப் போவணும்."

அவர் முகத்தில் ஒரு பரிதாபம் வந்தது. அவளுக்காகத்தான். "என்கிட்டயா? பொழுதன்னைக்கும் என் பொழப்பே அதுதாம்மா."

வயரை எப்படிக் கழற்றுவது, எப்படி மாட்டுவது என்று இரண்டு நாள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. சிரிஞ்சைப் பிடிக்கிற கை, ஒரே தடவையில் கற்றுக்கொண்டது. "நல்ல கையி" என்று பாராட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேன் வந்தது. தம்பி கயிறும் கையுமாக மேலே வந்து, யாரும் சொல்லாமலே தன் மூலையில் போய் உட்கார்ந்தான். நம்மவர் குளித்து, சலவைச் சட்டை போட்டு, நாற்காலியில் அமர்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். வெள்ளைக் கட்டுத்துணியை எடுத்து அவள் அவர் கண்ணைக் கட்டினாள். ஆஸ்பத்திரிக் கட்டு, ஊசி வெளிச்சம் உள்ளே போகாது. பழைய ஆம்ப்ளிஃபயரில் வயர் மாட்டியிருந்தது. பக்கத்தில் புதியது, தன் நீல விளக்கோடு, ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"இது ஒண்ணு" என்றாள்.

மூச்சு. விரல் உயர்ந்தது. இருமல். விரல் இறங்கியது.

"ம். ஒண்ணு தெரிஞ்சுபோச்சு. போடு ரெண்டு."

அவள் பின்னால் போனாள். வயரைத் தொடவில்லை. புது ஆம்ப்ளிஃபயரின் பிளக்கைச் சுவரிலிருந்து உருவினாள். நீல விளக்கு அணைந்தது. அதன் வயரைச் சுருட்டி அதன் தலையிலேயே வைத்தாள். அந்த இடத்தில் ஃபிரிட்ஜின் பிளக்கைச் செருகினாள். பிறகு சமையலறையிலிருந்து கொண்டுவந்திருந்த இரண்டு கரண்டிகளை எடுத்து, பழைய ஆம்ப்ளிஃபயரின் முதுகில் கிணுகிணுவென்று தட்டினாள். தம்பி வாயைப் பிளந்தான். அவனை ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டான்.

"இது ரெண்டு."

மூச்சு. இருமல். கட்டுத்துணிக்குக் கீழே அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"ரெண்டுதான் புதுசு. சந்தேகமே கிடையாது. அவரு இருமும்போது வாயில கைக்குட்டை வெச்சிருக்காரும்மா. ஒண்ணுல எனக்குக் கைக்குட்டை தெரியல."

மூலையில் ஃபிரிட்ஜ் ஒரு குலுக்குக் குலுக்கி, பட்டினி கிடந்த வேகத்தில் உறும ஆரம்பித்தது. உள்ளே பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. அவர் காது அசையவில்லை.

"இன்னொரு தடவை வெச்சுக்கலாமா?" மறுபடி கரண்டி. "இது மூணு."

மூச்சு. இருமல். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"மறுபடி பழசு போட்டுட்ட. பாரு, கைக்குட்டை போச்சு."

தம்பி கயிற்றை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தான். அவள் பின்னாலிருந்து வந்து கட்டை அவிழ்த்தாள். கண் வெளிச்சத்துக்குப் பழக அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. மசமசப்பாக அவர் முதலில் பார்த்தது நீல விளக்கு இல்லாததை. கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். சுருட்டிவைத்த வயர் தலைப்பாகை மாதிரி அதன் உச்சியில் இருந்தது. பிறகுதான் ஃபிரிட்ஜின் சத்தம் அவருக்குக் கேட்டது. பிளக்கைப் பார்த்தார். பழைய ஆம்ப்ளிஃபயரின் முதுகைப் பார்த்தார். கரண்டியைப் பார்த்தார்.

தம்பிக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்திருந்தது. அக்காவின் முகத்தில் சிரிப்பு இல்லாததைப் பார்த்து அதை அப்படியே விழுங்கினான்.

அவள் அவருடைய மூக்குக்கண்ணாடியை எடுத்தாள். ஈரத்துணியில் ஒருமுறை துடைத்தாள். உலர்ந்த துணியில் ஒருமுறை துடைத்தாள். இரண்டு கையாலும் நீட்டினாள்.

"உங்க காது நல்லாத்தான் இருக்கு."

கண்ணாடியை வாங்கப்போன கை பாதியில் நின்றது. அவர் அவளைப் பார்த்தார். கடையில் தான் அனுப்பிவைத்த முகங்கள் எல்லாம் வரிசையாக வந்து போயிருக்கவேண்டும். மெதுவாக வாங்கி மாட்டிக்கொண்டு, "கைக்குட்டை தெரிஞ்சுதும்மா" என்றார், சின்னக் குரலில்.

"தெரிஞ்சிருக்கும். நான் இல்லேங்கலியே."

வேன் வெறுமனே திரும்பவில்லை. தம்பியும் அவருமாக ஆம்ப்ளிஃபயரைக் கீழே இறக்கி ஏற்றினார்கள். "டாக்டருகிட்ட என்ன சொல்லட்டும் மாமா?" என்று தம்பி கேட்டதற்கு, "பேஷண்டு பொழச்சிட்டான்னு சொல்லு" என்றாராம். அதற்கு முன் சோபாவைப் படுக்கையறையிலிருந்து கொண்டுவந்து கிடத்தினார்கள். நாற்காலி சமையலறைக்குப் போயிற்று. தரையில் இருந்த டேப் கட்டங்களை அவரே மண்டியிட்டு நகத்தால் உரித்தார். மூக்குக்கண்ணாடிக் கூடுகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. அதைப் பற்றிப் பேச்சு எழவில்லை. ஒரே நாளில் எல்லாம் ஆகிவிடுமா?

தம்பி போனபிறகு அவள் சோபாவில் உட்கார்ந்து காலை நீட்டினாள். அவர் மறுபக்கம் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கண் தானாக ஒரு ஸ்பீக்கருக்கும் இன்னொரு ஸ்பீக்கருக்கும் போய்வந்து, கடைசியில் இருவருக்கும் இடையே மெத்தை பிரியும் இடுக்கில் வந்து நின்றது.

"நடு அங்க வருதும்மா."

"வரட்டும். அந்த இருமறவரு உக்காந்துக்கட்டும், பாவம்."

ரிமோட் அவள் கையில் இருந்தது. அழுத்தினாள். ஃபிரிட்ஜ் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மூச்சு. அவர் விரல் பழக்கத்தில் உயர்ந்தது. இருமல். விரல் இறங்கியது. அவள் நிறுத்தவில்லை. அந்தப் பெண் பாட ஆரம்பித்தாள்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணை மூடியிருந்தாள். விரல் மறுபடி மேலே போயிற்று. இனி எதற்காகக் காத்திருப்பது என்று தெரியாமல் கொஞ்சநேரம் அது அப்படியே நின்றது. பிறகு சோபாவின் மரக் கைப்பிடியில் இறங்கி, தாளத்துக்கு ஒரு தட்டுப் பின்தங்கியே, தட்டத் தொடங்கியது.